ஏழாம் கிணறு

ஜூன் 8, சனி

இந்த நோட்டைக் கிணறு அளக்கிற திட்டத்தின் அதிகாரி பிரிசில்லா மேடம் கொடுத்தார். பச்சை அட்டை. நடுவில் பூமி உருண்டை, அதைச் சுற்றி நான்கு கொடி. நம்முடையது, பங்களாதேஷ், வியட்நாம், நெதர்லாந்து. கடல் மட்டம் ஏற ஏற, மண்ணுக்கு அடியிலும் உப்பு ஊருக்குள் வருகிறதாம். ஒரு நாடு தனியாக நின்று தீர்க்கிற காரியமில்லை என்று நான்கு நாடும் சேர்ந்து கடலோர ஊர்க் கிணறுகளை மூன்று வருடம் அளக்கப் போகின்றன. நான்கு நாட்டிலும் ஒரே கருவி, ஒரே படிவம், ஒரே ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் கீழத்துறையில் பன்னிரண்டு கிணறு. அளக்கிற ஆளுக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றார்கள். நான் பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். தகுதிக்கு மேல் தகுதி.

"நம்பர் எல்லாம் ஃபார்ம்ல வந்துடும் சார். நம்பர் சொல்லாதத இந்த நோட்டுல எழுதுங்க. யாரும் வாங்கிப் பாக்க மாட்டோம்" என்றார் மேடம்.

நம்பர் சொல்லாதது: இன்று என் மாவு மில்லில் ஆறு பேருக்கு மிளகாய் அரைத்தேன். தும்மல் எண்ணவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

முதல் சுற்று. கருவி பேனா மாதிரி இருக்கிறது. தண்ணீரில் முனையை விட்டால் எண் வரும். ஐந்நூறுக்குள் நல்ல தண்ணீர், ஆயிரம் தாண்டினால் யோசிக்க வேண்டும், இரண்டாயிரம் தாண்டினால் குடிக்கக் கூடாது.

ஒன்று, பள்ளிக்கூடம், 520. இரண்டு, எங்கள் வீடு, 410. ஊரிலேயே குறைவு. நானே ஊற்றெடுக்க வைத்த மாதிரி ஒரு பெருமை வந்தது. மேலத்தெருவில் மூன்றும் நான்கும் தொள்ளாயிரத்தைத் தொட்டன. ஆறு, ராமாமிர்தம் டீக்கடை, 640. ஏழு, 660. ஐந்தும், எட்டிலிருந்து பன்னிரண்டு வரையும் எல்லாம் எழுநூறுக்குள்.

படிவத்தின் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. கண்டது, கேட்டது எதுவானாலும் எழுதலாமாம். பன்னிரண்டு இடத்திலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

ஜூன் 12, புதன்

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று மேடமே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன். ஏழாம் கிணற்றுக்கு நான் போகவில்லை. ஆறில் வந்த 640ஓடு இருபதைச் சேர்த்து எழுதினேன்.

ஏழாம் கிணறு உப்பு ரோட்டுக்குக் கிழக்கே, ஊரின் கடைசிக் கிணறு. அதைத் தாண்டினால் சவுக்குத் தோப்பு, மணல், கடல். ஒன்பது வீட்டுக்கு அதுதான் குடிதண்ணீர். அது இருப்பது என் மகள் மணிமொழி புகுந்த வீட்டுக் கொல்லையில்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த வீட்டின் கிரகப்பிரவேசம். முதல் பந்தியில் இடமில்லை. "செத்த இருங்க சம்பந்தி, அடுத்த பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா பக்கிரிசாமி. அடுத்த பந்திக்குக் கட்சிக்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். மூன்றாம் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டார்கள். வடை தீர்ந்துவிட்டது என்றார்கள். பெண்ணைக் கொடுத்தவன் நான். எழுந்து நின்று, "இந்த வீட்டுப் பச்சத்தண்ணி இனிமே என் நாக்குல படாது" என்றேன். பந்தலே திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் கையில் தண்ணீர்த் தம்ளர் இருப்பதைக் கவனித்தேன். கீழே வைத்துவிட்டு வந்தேன்.

வடைக்காகச் சண்டை போட்டேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வடைக்காக இல்லை. முழுக்க வடைக்காக இல்லை.

அதற்குப் பிறகு அந்த வாசலை மிதித்ததில்லை. இப்போது பேனாவும் படிவமுமாகப் போய் நின்றால் ராமாமிர்தம் கடையில் ஒரு மாதத்துக்கு அதுதான் பேச்சு. அதோடு, இருபதடி தள்ளி இருக்கிற கிணற்றில் அப்படி என்ன மாறிவிடப் போகிறது? இருபதடி இல்லை, இருநூறு அடி இருக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

ஏழு: 675. ஒவ்வொரு வாரமும் ஒரே எண் எழுதினால் சந்தேகம் வரும். அந்த அளவுக்குப் படிப்பு இருக்கிறது.

ஜூலை 10, புதன்

என் மனைவி இந்திராணி, மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். சபதம் எனக்கு மட்டும்தான், அவளுக்குக் கிடையாது என்பது முதல் நாளிலிருந்தே அவள் கட்சி. மணிமொழிக்கு மூன்று மாதமாம். நல்ல செய்தி என்றேன். வேறென்ன சொல்வது.

"பருப்பே வேக மாட்டேங்குதாம் அவளுக்கு. நாலு விசில் விட்டாலும் கல்லு மாதிரி கெடக்குதாம்."

"குக்கர் சரியில்ல. மாப்ள வாங்குனதுதான?"

"ஒங்களுக்கு எது நடந்தாலும் மாப்ள."

இன்று மில்லில் சத்துமாவு அரைத்தேன். கேழ்வரகு, கம்பு, பொட்டுக்கடலை, பாதாம் எல்லாம் போட்டு யாரோ கொடுத்தது. இரண்டு கிலோ மீந்தது. இந்திராணியிடம் கொடுத்து, வேண்டுமானால் அங்கே கொடுத்துவிடு என்றேன். "பாதாம் போட்டு அரைக்கக் குடுக்குற ஆளு நம்மூர்ல யாருங்க?" என்று கேட்டாள். நினைவில்லை என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

நான்கு நாட்டு அளவையாளர்களுக்கும் வாட்ஸ்அப் குழு. வியட்நாம்காரர் தாமரைப் படம் அனுப்புகிறார். நெதர்லாந்துக்காரர் எதுவும் அனுப்புவதில்லை. பங்களாதேஷில் ஷெபாலி என்று ஒரு அம்மாள், என் வயது இருக்கும். அவர் வங்காளத்தில் எழுதுவதைப் போன் தமிழாக்கித் தருகிறது. "மதிப்பிற்குரிய சகோதரரே, தங்கள் கிணறுகள் நலமாக உள்ளனவா?" கிணற்றை நலம் விசாரித்த முதல் மனுஷி. நலம் என்று பதில் போட்டேன்.

ஏழு: 660.

ஆகஸ்ட் 14, புதன்

மேடம் வந்து படிவங்களைப் பார்த்தார். நாலு நாட்டிலேயே சுத்தமான படிவம் என்னுடையதுதானாம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. "ஏழுதான் சார் நமக்கு ரொம்ப முக்கியம். கடலுக்குப் பக்கம். உப்பு வந்தா மொதல்ல அங்கதான் தெரியும். அது இவ்வளவு நல்லா இருக்குறது ஆச்சரியம்" என்றார்.

அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இந்திராணி: "மணி வீட்ல டீயே நல்லால்லீங்க. பாலு திரியுற மாதிரி ஆயிடுது."

நான்: "பக்கிரிசாமி வாங்குற பாலு."

ஏழு: 680.

செப்டம்பர் 26, வியாழன்

நான்கு நாட்டு நிதியில் எங்கள் ஊருக்கு ஒரு மழைநீர்த் தொட்டியும் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமும் வருகிறது. ஊருக்கு ஒன்றுதான். எண்களை வைத்து இடம் குறித்திருக்கிறார்கள். மேலத்தெரு. மூன்றாம் நான்காம் கிணறு தொள்ளாயிரத்தைத் தொட்டதால். ரோட்டுக்குக் கிழக்கே 'இப்போதைக்குத் தேவை இல்லை' என்று போட்டிருந்தது. நவம்பர் முதல் வாரம் முடிவு செய்து கையெழுத்துப் போடுவார்கள்.

மேலத்தெரு என்பது என் தெரு. ஊரில் நாலு பேர் கை கொடுத்தார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மணிமொழிக்குப் பிரஷர் ஏறியிருக்கிறது. நர்ஸம்மா உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் நிறுத்தம்.

மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஏழு: 670.

அக்டோபர் 15, செவ்வாய்

"உப்பே போடாமத் திங்கிறா புள்ள. அப்பவும் பிரஷர் கொறயலங்க. நூத்தி நாப்பத்தாறுன்னாங்க. காலு வேற வீங்கிருக்கு." இந்திராணி இதைச் சல்லடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மில் பெல்ட் அறுந்தது. மாற்றினேன்.

அக்டோபர் 17, வியாழன்

போனில் நான்கு நாட்டு வீடியோ கூட்டம். மில்லில் மாவு டின்மேல் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தேன். ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஷெபாலி வங்காளத்தில் பேச, அவர்கள் அதிகாரி ஆங்கிலத்தில் சொல்ல, பிரிசில்லா மேடம் எனக்குத் தமிழில் சொன்னார். மூன்று மொழி தாண்டி வருவதால் எல்லாமே அமைதியாகத்தான் வந்து சேரும்.

அவர் சொன்னது: அவர்கள் ஊரில் பத்து வருடத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கரிக்க ஆரம்பித்தது. பருப்பு வேக நேரமானது. பழகிவிட்டது. அப்புறம் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்குப் பிரஷர் வந்தது. சோற்றில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தார்கள். தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. அவர் மருமகள் அந்த வருடம் எட்டாம் மாதத்தில் இறந்துபோனாள். தண்ணீரால்தான் என்று இன்றுவரை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை, அதனால்தான் நானே அளக்கிறேன் என்றார்.

பிறகு என் முறை. எங்கள் ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். அரை நிமிடத்தில் முடித்துவிட்டேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மில்லைத் திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஏழாம் கிணற்றுக்குப் போனேன்.

மணிமொழி கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அப்பா?"

"ஒக்காரு, ஒக்காரு. நாலு நாட்டு வேலையா வந்துருக்கேன்."

வாளி போட்டு இறைத்தேன். 2140.

முனையைத் துடைத்து மறுபடி விட்டேன். 2130. மறுபடி, 2140. கருவிமேல் சந்தேகம் வந்தது. டீக்கடைக் கிணற்றுக்குப் போய் அளந்தேன், 650. ராமாமிர்தம், "என்னண்ணே, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?" என்றான். திரும்பி வந்து அளந்தேன். 2140.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னப்பா அத்தன தடவ?"

"மிஷினு."

"எவ்ளோ காட்டுது?"

"இந்தத் தண்ணிய இனிமே நீ குடிக்க வேணாம்."

"அப்ப எதக் குடிக்கிறது?"

நியாயமான கேள்வி. நான்கு நாட்டிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

படிவத்தில் இன்றைய தேதி போட்டு எண்ணை எழுதினேன். குறிப்புப் பத்தியிலும் ஒன்று எழுதினேன். பத்து மணிக்கு எங்கள் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீரை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு போய் அவர்கள் வாசலில் இறக்கினேன். மாப்பிள்ளை அறிவழகன் ஓடிவந்து கேனைப் பிடித்தார். "எங்களுக்குப் பழகிப்போச்சு மாமா, அதான் தெரியல" என்றார். நல்ல பிள்ளை. குக்கரும் நல்ல குக்கர்தான், அடுப்பங்கரையில் பார்த்தேன்.

அக்டோபர் 19, சனி

பிரிசில்லா மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். பத்தொன்பது வாரம், பத்தொன்பது எண், எல்லாம் என் மண்டையிலிருந்து வந்தவை. லைன் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ' என்றேன்.

"கேக்குது சார்" என்றார். "ஊரையே திட்டத்துலேர்ந்து எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. ஒரு இடத்துல பொய்னு தெரிஞ்சா மத்த நம்பரையும் நம்ப மாட்டாங்க. உங்கள நம்பித்தான சார் எடம் குறிச்சாங்க?"

பொய் என்ற சொல்லை அவர்தான் முதலில் சொன்னார். அதுவரை நான் அதை 'இருபதைச் சேர்த்து எழுதுவது' என்றுதான் வைத்திருந்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

அவசரக் கூட்டம். மறுபடி மாவு டின், மறுபடி போன். இந்திராணி பின்னால் மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். நெதர்லாந்துக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். பழைய எண்ணை அழிக்கக் கூடாது, மேலே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் உண்மையான காரணத்தை எழுத வேண்டும், அதுதான் விதி என்றார். காரணம் என்ன என்று கேட்டார்.

சொன்னேன். பந்தி.

மேடம் என்னைப் பார்த்தார். "சார், இத நான் எப்படிச் சொல்றது?" பிறகு ஆங்கிலத்தில் வெகுநேரம் விளக்கினார். வாழை இலை, மூன்று வரிசை, வடை எல்லாம் நடுவில் வந்துபோனது தெரிந்தது. வியட்நாம்காரர் தலையை ஆட்டினார். அங்கேயும் பந்தி இருக்கும்போல.

ஷெபாலி சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மற்ற பதினொரு கிணற்றுக்கும் நேரில் போனீர்களா?"

"போனேன். மூணாம் கெணத்துல பாம்பு இருந்தப்பகூடப் போனேன்."

"அப்படியானால் அந்தப் பதினொன்றும் இருக்கட்டும். ஏழுக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பி நாலு வாரம் பாருங்கள். அதுவரை தொட்டிக்கு இடம் முடிவு செய்யாதீர்கள்."

அதையே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஊர் பிழைத்தது. என்னை நீக்கவில்லை, ஆனால் இனி ஒவ்வொரு எண்ணுக்கும் கிணற்று வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும்.

முடிக்கும்போது மேடம் வெள்ளிக்கிழமைப் படிவத்தை எடுத்து, ஏழாம் கிணற்றின் குறிப்பைச் சத்தமாகப் படித்தார். "'கருவியை நம்ப மனம் வரவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கரிக்கிறது.'" பிறகு அதை ஆங்கிலத்திலும் சொன்னார். அது வங்காளத்துக்கும் போயிற்று.

பின்னால் சல்லடைச் சத்தம் நின்றது. போனை அணைத்ததும் இந்திராணி கேட்டாள்.

"நாக்குல பட்டுடுச்சா?"

"மிஷின் மேல சந்தேகம்."

"மிஷினு மூணு தடவ சொன்னதுக்கு அப்புறமுமா?"

"நாலு தடவ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சலித்தாள். மில்லில் எப்போதும் மாவு பறக்கும்.

அக்டோபர் 23, புதன்

பத்தொன்பது படிவத்திலும் கோடு போட்டேன். பத்தொன்பது முறை 'பந்தி' என்று எழுதினேன். ஏழாவது தடவைக்குமேல் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

தினம் நாலு கேன். மகள் வீட்டுக்கு இரண்டு, ரோட்டுக்குக் கிழக்கே இன்னும் இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆளுக்கொன்று. பஞ்சாயத்திலிருந்து வாரம் இரண்டு லாரி தண்ணீர் அனுப்ப மேடம் ஏற்பாடு செய்திருக்கிறார்.

ஏழாம் கிணற்றுக்கு வேறு ஆள் வந்து அளந்தார். 2060. பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவர் பக்கிரிசாமி. அவர் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி, ஊர் அளவையாளர் என்று அச்சிட்டிருக்கிற என் பெயர்மேல் ஏறி நிற்கிறது.

நவம்பர் 19, செவ்வாய்

பிரஷர் நூற்று முப்பத்தெட்டு. "தண்ணியாலதான்னு சொல்ல முடியாது. ஆனா மாத்துனது நல்லது" என்றார் நர்ஸம்மா. அவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

நவம்பர் 28, வியாழன்

தொட்டியும் நிலையமும் கிழக்கே, ரோட்டு ஓரம். கையெழுத்தாகிவிட்டது. மேலத்தெருக்காரர்கள் இப்போது எனக்குக் கை கொடுப்பதில்லை. சிலர் மிளகாயை அரைக்கப் பக்கத்து ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். தும்மல் குறைந்திருக்கிறது.

டிசம்பர் 23, திங்கள்

பிரஷர் மறுபடி ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். கேன் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே தண்ணீர் இருக்கிறது, வெளித் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். கேனோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கிரிசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் தாகமாக இருந்தது போல, கேனைப் பார்த்தார். ஊற்றிக் கொடுத்தேன். குடித்தார்.

டிசம்பர் 24, செவ்வாய்

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. மூன்று வாரம் முந்தி வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மணிமொழி கண் திறந்து, "தண்ணி" என்றாள். நர்ஸ் கொடுத்தார்.

டிசம்பர் 31, செவ்வாய்

பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தாயிற்று.

ஷெபாலிக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. "மதிப்பிற்குரிய சகோதரரே, இரண்டு உயிரும் நலம் என்பதை இரண்டு முறை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை அளவை மறவாதீர்." நானும் இரண்டு முறை வாசித்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம், மகள் வீட்டில். காலை ஆறு மணிக்கே போய் ஏழாம் கிணற்றை அளந்தேன். மழையில் 1480 வரை இறங்கியது, மறுபடி 1720 ஆகியிருக்கிறது. வெயில் வந்தால் இன்னும் ஏறும். தொட்டிக்குக் கம்பி கட்டி முடித்திருக்கிறார்கள்.

பத்து கேன் தண்ணீர் எங்கள் கிணற்றிலிருந்து ஐந்து நடையாகக் கொண்டுவந்தேன். சமையலுக்கும் குடிப்பதற்கும் அதுதான். பெயர் கயல்விழி. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பந்தி போட்டதும் பக்கிரிசாமி கையைப் பிடித்து இழுத்தார். "சம்பந்தி, மொத பந்தி, மொத எல, ஒங்களுக்குத்தான். வடைய எண்ணி எடுத்து வச்சாச்சு. வந்து ஒக்காருங்க."

"இருக்கட்டும் சம்பந்தி. தண்ணி யாரு ஊத்துறது?"

முதல் பந்திக்கு ஊற்றினேன். இரண்டாம் பந்திக்கும். இலைக்கு இலை குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு போய்விட்டது. ராமாமிர்தம் தம்ளரை நீட்டி, "அண்ணே, இது எந்தக் கெணறு?" என்றான். "நாலு நாட்டுக் கெணறு, குடிறா" என்றேன்.

குறிப்பு: மூன்றாம் பந்தியில் சாப்பிட்டேன். வடை இருந்தது. சாம்பாரில் உப்பு கம்மி. கேட்டு வாங்கவில்லை.